வலி விடும்வரை

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

வார்டில் நின்று நின்று வீங்கும் உன் கால்கள் இப்போது எப்படி இருக்கின்றன? இங்கே நான், அவர், வயிற்றுக்குள் உருளும் மூன்றாவது ஆள், எல்லோரும் சுகம்.

டாக்டரம்மா போன வாரம் என் கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். ரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே போகிறதாம். தானாக வலி வரும்வரை காத்திருக்க முடியாது, மார்ச் கடைசியில் ஒரு நாள் குறித்து, மருந்து கொடுத்து வலியை வரவழைக்க வேண்டும் என்றார். லாண்டரியில் கூட வேலை செய்பவர்களிடம் இதைச் சொன்னதும் ஆளுக்கு ஒரு கதை விட்டார்கள். "தானா வர்ற வலி படியேறி வரும். மருந்து போட்டு வர்ற வலி கூரையப் பிச்சுக்கிட்டு இறங்கும்" என்றாள் இஸ்திரி மேஜைக்காரி. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

நீ பிரசவ வார்டு நர்ஸ். தினமும் இதைத்தான் பார்க்கிறாய். என்ன செய்வார்கள், எப்படித் தாங்குவது என்று எனக்குச் சொல்லிக் கொடு. பூசி மெழுகாதே.

பதிலை வீட்டுக்குப் போடாதே, லாண்டரி விலாசத்துக்குப் போடு. வீட்டுத் தபால்பெட்டியின் மூடி உடைந்துவிட்டது, மழை பட்டால் எழுத்து அழிந்துவிடும். அவர் பள்ளி விளையாட்டு விழாவுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்கிறார். கடைக்குப் போனால் 'டிரில் மாஸ்டர் வீட்டம்மா' என்று எனக்கு வழிவிடுகிறார்கள், தெரியுமா?

உன் தங்கை

ஜனவரி 20

அடி வாயாடி,

என் கால்கள் என்னுடையவைதானா என்று சந்தேகப்படும் அளவுக்கு வீங்கிக் கிடக்கின்றன. மற்றபடி குறையில்லை. நீ நேரத்துக்குச் சாப்பிடு, உப்பைக் குறை.

பிரசவம் பூப்போல நடக்கும் என்று யாராவது சொன்னால் அவளை என் முன்னால் கொண்டு வா, ஒரு அறை விடுகிறேன். அது பூவும் இல்லை, புடலங்காயும் இல்லை. எலும்பு விலகும், சதை கிழியும், ரத்தம் கொட்டும், உனக்குள்ளே ஓர் ஆள் முட்டி மோதிக்கொண்டு வெளியே வருவான். ஆனால் அது உன் உடம்பு செய்யும் வேலை. உன்னைக் கொல்ல வரும் எதிரி இல்லை.

முதலில் உள்ளே மருந்து வைத்துக் கருப்பையின் வாயை இளக்குவார்கள். பல மணி நேரம் ஒன்றுமே நடக்காது. அப்போது தூங்கு, நட, எதையாவது கொறி. பிறகு பனிக்குடத்தைக் கீறிவிட்டு, கையில் டிரிப் ஏற்றுவார்கள். உன் இஸ்திரிக்காரி சொன்னது பாதி உண்மை: டிரிப் வலி நெருக்கி நெருக்கி வரும். ஆனால் ஒவ்வொரு வலிக்கும் ஓர் உச்சம் உண்டு, உச்சத்துக்குப் பிறகு இறக்கம் உண்டு. தாங்க முடியாவிட்டால் ஊசி கேள், வெட்கப்படாதே. துணைக்கு இருப்பவளிடம் நடு இடுப்பைக் கை முட்டியால் அழுத்தச் சொல்.

இப்போதே பழகு. ஒரு ஐஸ்கட்டியை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொள். எரியும். எரியும்போது தாடையைத் தளர விடு, தோளை இறக்கு, மூச்சை நீளமாக வெளியே விடு. உடம்பை இறுக்கினால் வலி இரண்டு மடங்கு. சத்தம் போடாதே, கத்தினால் தெம்பு வீணாகும். எங்கள் வார்டில் கத்துகிறவர்களை நாங்கள் திட்டித் தீர்த்துவிடுவோம்.

ஒன்று கேட்கிறேன். அந்தத் தபால்பெட்டி மூடி தானாக உடைந்ததா?

உன் அக்கா

பிப்ரவரி 2

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாக இருக்கிறேன், உன் சுகத்துக்கு எழுது. சுடு தண்ணீரில் உப்புப் போட்டுக் காலை வைத்துக்கொள். ஊருக்கெல்லாம் சொல்வாய், நீ செய்யமாட்டாய்.

ஐஸ்கட்டி விளையாட்டு நன்றாக வருகிறது. லாண்டரியில் எல்லோரும் சுற்றி நின்று பார்க்கிறார்கள். முதல் நாள் கையை உதறிவிட்டு ஓடினேன். இப்போது கட்டி முழுதும் கரையும்வரை அசையாமல் உட்கார்ந்திருக்கிறேன். முதலாளியம்மா, "இவ பிள்ள பெறும்போது தூங்கிடுவா போல" என்கிறார்.

போன வாரம் குளியலறையில் வழுக்கி விழுந்தேன். பயப்படாதே, குழந்தை நன்றாக உதைக்கிறது. அப்போதும் உன் பாடத்தைத்தான் செய்தேன். தாடையைத் தளர்த்தி, கையை விரித்து, மூச்சை நீளமாக விட்டேன். ஒரு சத்தம் போடவில்லை. அவரே ஆச்சரியப்பட்டுப் போனார். நீ கெட்டிக்காரி அக்கா, உண்மையிலேயே வலி பாதியாகிவிடுகிறது.

உன் தங்கை

பிப்ரவரி 9

தங்கச்சி,

என் சுகம் கிடக்கட்டும்.

நிறைமாதத்தை நெருங்கும் பெண்டாட்டி வழுக்கி விழுந்தால் புருஷன் ஓடி வந்து தூக்குவானா, பக்கத்தில் நின்று ஆச்சரியப்படுவானா? நீ விழும்போது அவர் குளியலறையில் என்ன செய்துகொண்டிருந்தார்?

வழுக்கி விழுந்தவர்களைத் தினமும் பார்க்கிறேன். விழும்போது கை தானாகத் தரையில் ஊன்றும். உள்ளங்கை சிராய்க்கும், முட்டி சிராய்க்கும். தொடையின் பின்பக்கமும் முதுகும் கன்றிப்போய் வந்து, "வழுக்கிட்டேன் சிஸ்டர்" என்பவர்களும் வருவார்கள். பக்கத்தில் புருஷன் பவ்வியமாகப் பையைப் பிடித்துக்கொண்டு நிற்பான்.

உனக்கு எங்கே அடிபட்டது? மூன்று வரியில் எழுது. என்னிடம் கதை விடாதே, நான் உன்னை இடுப்பில் தூக்கிச் சுமந்தவள்.

அக்கா

பிப்ரவரி 27

அக்கா,

உன் கடிதம் கிடைத்துப் பல நாள் ஆகிவிட்டது. நலமா என்று கேட்கக்கூட வெட்கமாக இருக்கிறது. நாலு முறை எழுதி, நாலையும் லாண்டரி பாய்லரில் போட்டேன்.

குளியலறையில் விழவில்லை. அவர் அடிப்பார். கல்யாணமான முதல் மழைக்காலத்திலிருந்தே அடிப்பார்.

அவர் குடிப்பதில்லை, கத்துவதில்லை. அதனால் யாருக்கும் தெரியாது. சட்டையில் பட்டன் விட்டுப்போயிருந்தால், சாப்பாடு ஆறியிருந்தால், நான் எதற்காவது சிரித்துவிட்டால், "நில்லு" என்பார், பள்ளிக்கூடத்தில் பையன்களிடம் சொல்வது போலவே. கூடத்தின் நடுவில் நேராக நிற்க வேண்டும். முகத்தில் அடிக்கமாட்டார். தொடை, முதுகு, தலைமுடிக்குள்ளே. விசில் கட்டிய கயிற்றை இரட்டையாக மடித்து அடிப்பார். போன மாதம் முடியைப் பிடித்துச் சுவரில் மோதினார், காதுக்குள்ளே இன்னும் இரைகிறது. தபால்பெட்டியை அவர்தான் மிதித்து உடைத்தார், நீ போட்ட புத்தாண்டு வாழ்த்து அட்டை வந்த அன்று, அதில் 'என் செல்லமே' என்று எழுதியிருந்தாயாம்.

நான் சத்தம் போட்டால், சத்தம் அடங்கும்வரை அடிப்பார். அதனால்தான் உன் பாடம் எனக்கு இவ்வளவு உதவியாக இருக்கிறது. கையை விரித்து, தோளை இறக்கி, மூச்சை விட்டுக்கொண்டு நின்றால் சீக்கிரம் சலித்துப்போய் விட்டுவிடுகிறார். போனமுறை, "இப்பத்தான் ஒழுங்கா நிக்கக் கத்துக்கிட்டே" என்று பாராட்டினார்.

ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். நேற்று முதல் தடவையாக வயிற்றில் காலை வைத்தார். உதைக்கவில்லை, வைத்து அழுத்தினார். குழந்தை அப்படியே நின்றுவிட்டது. பிறகு ரொம்ப நேரம் கழித்துத்தான் அசைந்தது. வயிற்றில் விழும்போது எப்படி மூச்சுவிட வேண்டும், அக்கா? அதற்கு ஏதாவது வழி இருக்கிறதா?

உன் தங்கை

மார்ச் 5

என் கண்ணே,

கடிதத்தை வார்டின் மருந்து அறையில் நின்று படித்தேன். கையில் இருந்த கிண்ணத்தைச் சுவரில் விட்டெறிந்தேன். டாக்டர் ஓடி வந்து என்ன என்றார். கை வழுக்கிவிட்டது என்றேன்.

அந்த வலிக்குச் சொல்லிக் கொடுத்ததை இந்த வலிக்குச் செய்திருக்கிறாயே, பாவி! பிள்ளை வரும்போது உடம்பை விட்டுக்கொடுக்கச் சொன்னேன், ஏனென்றால் உள்ளேயிருந்து வருவது உன் பிள்ளை. வெளியேயிருந்து வருபவனுக்கு யாரடி விட்டுக்கொடுக்கச் சொன்னது? அவன் காலுக்கு மூச்சுப் பயிற்சி இல்லை. வயிறு தெரியாமல் சுருண்டுகொள், கத்து. சுவர் இடிந்து விழும்படி கத்து. பக்கத்து வீட்டுக்காரன் சோற்றுக் கையோடு ஓடி வரட்டும். சத்தம் போடாதே என்று எழுதிய என் கையை வெட்டிப்போட வேண்டும். அந்தக் காலை நான் என்ன செய்வேன் என்று இங்கே எழுதினால் தபால்காரர் பயந்துவிடுவார்.

கேள். வயிறு கல்லாக இறுகினாலோ, ரத்தம் பட்டாலோ, அசைவு குறைந்தாலோ, அவரிடம் கேட்காதே, நேராக ஆஸ்பத்திரிக்கு ஓடு. இதெல்லாம் வராவிட்டால் உனக்கு நாள் குறித்த பிரசவம். அதுதான் நமக்கு வசதி. தானாக வலி எடுத்தால் எப்போது, எங்கே என்று தெரியாது. உனக்கோ தேதி தெரியும். பிரசவ அறைக்குள் ஆண்களை விடமாட்டார்கள். துணைக்கு ஒரே ஒரு பெண். அந்தப் பெண் நான். லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். நீ அந்தக் கதவுக்குள் போனால், வெளியே வரும்போது பிள்ளையோடு என்னுடன் ரயிலேறுகிறாய். தேதியை மட்டும் எழுது. இதையும் பாய்லரில் போடு.

உன் அக்கா

மார்ச் 16

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். உங்கள் தையல் கடையும் நீங்களும் நலமென்று நம்புகிறேன். என்னைக் கல்யாணத்தில் பார்த்திருப்பீர்கள், உங்கள் தம்பி மனைவியின் அக்கா. நாம் இரண்டு வார்த்தைகூடப் பேசியதில்லை. பந்தியில் நீங்கள் எல்லோரையும் தலையைச் சாய்த்துப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது மட்டும் நினைவிருக்கிறது.

என் தங்கையிடமிருந்து பதில் இல்லை. அவள் எனக்குக் கடைசியாக எழுதியதை உங்களுக்குச் சொல்லமாட்டேன். உங்கள் தம்பியோடு ஒரே வீட்டில் வளர்ந்தவர் நீங்கள். நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமென்றால் இந்தக் கடிதத்தைக் கிழித்துப்போடுங்கள். அவரிடமே கொடுத்தாலும் நான் தடுக்க முடியாது. எனக்கு அந்த ஊரில் வேறு ஆள் இல்லை.

அவளிடம் ஒரு சொல் சேர்க்க வேண்டும். அக்கா கத்தச் சொன்னாள் என்று சொல்லுங்கள். அது போதும்.

உங்கள் உடல்நலத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மார்ச் 19

பெருமதிப்பிற்குரிய அண்ணி அவர்களுக்கு,

தங்கள் ஆசியால் இவ்விடம் யாவரும் க்ஷேமம். தங்கள் க்ஷேமத்துக்குப் பிரார்த்திக்கிறேன்.

தங்கள் தங்கைக்கு ஓய்வு தேவைப்படுவதால் லாண்டரி வேலையை நிறுத்திவிட்டேன். அவளுடைய பொருட்களை வாங்கச் சென்றபோது, தாங்கள் அவளுக்கு அன்புடன் எழுதிய கடிதத்தையும் முதலாளியம்மா என்னிடமே கொடுத்தார். நிதானமாகப் படித்தேன். தங்கள் கையெழுத்து அழகாக இருக்கிறது.

திடீரென்று அசைவு குறைந்ததால் பிரசவத்தை முன்கூட்டியே வைத்துக்கொள்ள டாக்டர் சொல்லிவிட்டார். நாளை சேர்க்கிறோம். துணைக்கு என் அக்காவை ஏற்பாடு செய்திருக்கிறேன். அவர் அதிகம் பேசாதவர். இக்கடிதம் தங்களுக்குக் கிடைக்கும்போது எல்லாம் முடிந்திருக்கும். தாங்கள் வீண் சிரமப்பட்டு வர வேண்டாம்.

தங்கள் மூச்சுப் பயிற்சி மிகவும் பயனுள்ளது. பள்ளிப் பிள்ளைகளுக்கும் சொல்லித்தர உள்ளேன்.

தங்கள் பணிவுள்ள மாப்பிள்ளை

மார்ச் 22

அக்கா,

உயிரோடு இருக்கிறேன். பெண் குழந்தை. அவளும் உயிரோடு இருக்கிறாள், பக்கத்தில் கையைக் காலை ஆட்டிக்கொண்டு. நீ எப்படி இருக்கிறாய்? என் கடிதம் வராமல் செத்துப் பிழைத்திருப்பாய்.

இருபதாம் தேதி சேர்த்தார்கள். நீ சொன்னபடியே மருந்து வைத்தார்கள், ஒன்றும் நடக்கவில்லை. மறுநாள் காலையில் பனிக்குடத்தைக் கீறிவிட்டு டிரிப் ஏற்றினார்கள். பிறகு வந்தது, அக்கா. இரண்டு பக்கமும் ஆள் நின்று இடுப்பைப் பிளப்பது போல வந்தது. நான் பழகியபடி கையை விரித்து, மூச்சை விட்டு, சத்தமில்லாமல் கிடந்தேன். "எவ்ளோ நல்ல பொண்ணு பாரு, மூச்சுக் காட்டல" என்று நர்ஸ் மற்றவர்களுக்கு என்னைக் காட்டினாள். என் கண்ணுக்கு அந்த அறை எங்கள் வீட்டுக் கூடமாகவே தெரிந்தது. "நில்லு" என்று யாரோ சொல்வது போல இருந்தது.

என் நாத்தனார் ஸ்டூலில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். சேர்த்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. திடீரென்று எழுந்து வந்து என் காதருகே குனிந்தார். "உங்கக்கா கத்தச் சொன்னாங்க" என்றார்.

புரியாமல் பார்த்தேன். "கடிதம் போட்டிருக்காங்க. கத்து. எனக்கு இந்தக் காது கேக்காது. பன்னெண்டு வயசுல அவன் கட்டையால அடிச்சது. நானும் அன்னிக்குக் கத்தல" என்றார்.

அடுத்த வலி வந்தது. கத்தினேன். அது என் குரல் என்றே எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷம் உள்ளே போட்டு அடைத்ததெல்லாம் தொண்டையைக் கிழித்துக்கொண்டு வந்தது. "பாவி, அடிக்காதே, வயித்துல மிதிக்காதே" என்று வார்டு முழுக்கக் கேட்கக் கத்தினேன். நல்ல பொண்ணு என்று சொன்ன நர்ஸ் கையில் இருந்த தட்டைக் கீழே போட்டுவிட்டாள்.

வெளியே அவர் தன் மாணவர்களின் அப்பாக்களோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறார். வாட்ச்மேனைத் தள்ளிவிட்டு உள்ளே வந்தார். முகத்தில் அதே அமைதி. "மானம் போகுது, வாய மூடு" என்று மெதுவாகச் சொல்லி, என் வாயின்மேல் கையை வைத்து அழுத்தினார்.

கடித்தேன், அக்கா. சரியாக அப்போது வலி உச்சத்துக்கு ஏறியது. வலி விடும்வரை நான் விடவில்லை. பல் எலும்பில் இடித்தது. வாயெல்லாம் அவர் ரத்தம், கீழே என் ரத்தம். அவர் மற்றக் கையால் என் முடியைப் பிடித்து இழுத்தார், தலையில் குத்தினார். எல்லோரும் பார்க்க, முதல் தடவையாக எல்லோரும் பார்க்க! "அக்கா, இவள விலக்கு, அக்கா!" என்று அலறினார்.

நாத்தனார் ஸ்டூலை விட்டு எழவே இல்லை. ஆரஞ்சுச் சுளையிலிருந்து விதையை எடுத்துக்கொண்டே, "வலின்னா அப்படித்தான்டா இருக்கும். கொஞ்சம் பொறுத்துப் போ" என்றார்.

நர்ஸும் வாட்ச்மேனும் அவரை இழுத்துக்கொண்டு போனார்கள். அடுத்த அறையில் அவர் கையைத் தைக்கும்போது, இந்த அறையில் என் மகள் பிறந்தாள். டாக்டரம்மா என் தொடையையும் முதுகையும் பார்த்துவிட்டு, "எங்கம்மா விழுந்தே?" என்றார். விழவில்லை என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். போலீஸுக்கு ஆள் அனுப்பியிருக்கிறார்கள்.

நாத்தனார் கதவருகே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருக்கிறார். அவரே இதை எக்ஸ்பிரஸ் தபாலில் போடுகிறார். உன்னைப் பார்க்க வேண்டும், அக்கா. எனக்குப் பயமாக இருக்கிறது.

உன் தங்கை

மார்ச் 24, தந்தி

மூவரும் நலமென நம்புகிறேன். கிளம்பிவிட்டேன். நான் வராமல் வார்டை விட்டு நகராதே. நாத்தனாருக்கு என் கும்பிடு. அக்கா.

ஜூன் 11

அன்புள்ள மனைவிக்கு,

நான் நலம். உன் நலமும் குழந்தையின் நலமும் அறியக் காத்திருக்கிறேன்.

கையில் தையல் பிரித்தாகிவிட்டது. இரண்டு விரல்கள் மடங்கவில்லை, விசிலை இடது கையால்தான் பிடிக்கிறேன். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. வலியில் என்ன செய்கிறோம் என்று உனக்குத் தெரிந்திருக்காது. நானும் சில சமயம் வேலை அலுப்பில் கை நீட்டியிருக்கலாம். குடும்பம் என்றால் நாலும் இருக்கும். போலீஸில் கொடுத்ததைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, மாதம் முடிவதற்குள் வந்து சேர்.

பள்ளியில் நாய் கடித்துவிட்டது என்று சொல்லியிருக்கிறேன். யாராவது கேட்டால் நீயும் அப்படியே சொல்.

அன்புடன்

ஜூன் 18

ஐயா,

நானும் என் மகளும் நலம். உங்கள் நலத்தை நான் விசாரிக்கவில்லை.

நான் வரமாட்டேன். கொடுத்ததைத் திரும்பப் பெறவும் மாட்டேன். நீங்கள் இங்கே அக்கா வீட்டுக்கு வந்தால், வாசலில் நிற்கும்போதே கத்துவேன். இந்தத் தெருவில் எல்லோருக்கும் காது நன்றாகக் கேட்கும்.

உங்களைக் கடித்தது நாய் இல்லை. தலைமை ஆசிரியருக்கும் இன்றே எழுதிவிட்டேன். அவருக்கு எழுதிய கடிதத்தில் நலம் விசாரித்திருக்கிறேன்.

இப்படிக்கு,
கடித்தவள்